பற்றவைக்குங் கருவிகளைத் தெரிந்தெடுத்தல்

மின்னணுக் கருவிகளைத் தம் கையாலேயே அமைத்துப் பார்க்கவேண்டும் என்னும் ஆர்வம் நம் கல்லூரி மாணாக்கரிடையே ஆண்டுதோறும் வளர்ந்துவரக் காண்கின்றோம். பௌதிக வகுப்பினர் மட்டுமன்றி, வரலாறும் வணிகமும் பயில்வோருங்கூட ஒரு சிறு வானொலியையோ, மண்ணின் ஈரத்தை அளந்து செடிக்கு நீர் விடும் பொறியையோ செய்துபார்க்க முற்படுகின்றனர். இது பெரிதும் பாராட்டத்தக்கதே. ஆயின் தொடங்கியோருள் பலர் இரண்டாவது, மூன்றாவது முயற்சியோடு நின்றுவிடுகின்றனர். ஏன் நின்றீர் என வினவினால், அவர் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே: "ஐயா, எனக்குக் கை வரவில்லை."

இவ்விடையை யாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. அவர் வாங்கி வைத்திருக்கும் கருவிகளை எடுத்துப் பார்ப்போமாயின், தேர்ந்த தொழிலாளியின் கைக்கும் அவை எளிதில் வசப்படா என்பது புலப்படும். தொடக்க மாணவனுக்கு மலிவான கருவியே போதும், கை தேர்ந்தபின் நல்லதை வாங்கிக்கொள்ளலாம் என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றிக் கிடக்கின்றது. அது தலைகீழான எண்ணம் என்பதே எமது துணிபு. கை தேர்ந்தவன் குறையுள்ள கருவியிடத்தும் தன் பழக்கத்தால் வேலை வாங்கிவிடுவான். குறை கருவியினதா, தன்னதா என்று பிரித்தறிய மாட்டாத புதியவனுக்கன்றோ நல்ல கருவி இன்றியமையாதது!

பெயரைப் பற்றி ஒரு சொல். பொற்கொல்லர் நகையின் உறுப்புக்களை இணைக்கும் பொருளைப் பற்றாசு என்பர். அழகிய சொல், பழைய சொல். அதனைக்கொண்டு இக்கருவிகட்கெல்லாம் தூய தமிழ்ப் பெயர்கள் ஆக்குதல் கூடும். எனினும், ரிச்சி தெருவிற் சென்று அப்பெயர்களாற் கேட்பவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். ஆதலின், கடைவீதியில் வழங்கும் சால்டரிங் அயர்ன், பிளக்ஸ் முதலிய சொற்களையே இங்குக் கையாள்கின்றோம்.

பற்றவைத்தல் என்பது பசைகொண்டு ஒட்டுதல் போன்றதென்று பலர் கருதுகின்றனர். உருகிய ஈயக்கலவை, சுத்தமான செப்பின்மீது படிந்ததும், அதிலுள்ள வெள்ளீயம் செப்போடு கலந்து மிக மெல்லியதோர் புதிய சேர்மப் படலமாக மாறுகின்றது. அப்படலம் உண்டாயின் இணைப்பு உண்டு. உண்டாகவில்லையேல், மேலே எத்துணை ஈயத்தைக் குவித்தாலும் அது வெறும் பூச்சே. அப்படலம் உண்டாக இரண்டு வேண்டும்: இணைக்கப்படும் உலோகம் தானே போதிய சூடு ஏறுதல், அதன் மேலுள்ள துரு நீங்குதல். துரு நீக்குவதற்கெனப் பொற்கொல்லர் வெங்காரத்தை இடுவர். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் நவச்சாரப் பொடியைத் தூவுவர். மின்வேலைக்கு உரியதோ பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கப்படும் ரோசின். அது குளிர்ந்த நிலையில் பெரும்பாலும் தீங்கற்றது. உருகிய நிலையில் மட்டும் அமிலமாகி வினை செய்வது. இம்மூன்றையும் அறிந்தோர்க்குக் கருவிகளைத் தெரிந்தெடுக்கும் முறை தானே விளங்கிவிடும்.

முதலாவதாக அயர்ன். ரூ.200, ரூ.300 அளவில் விற்கப்படும் 25 வாட் அயர்ன்களே மாணாக்கர் கையில் மிகுதியும் காணப்படுகின்றன. இவற்றுள் வெப்பத்தை அளந்து கட்டுப்படுத்தும் அமைப்பு ஒன்றுமில்லை. சுவரிலே செருகியவுடன் சூடேறத் தொடங்கும். உட்புகும் வெப்பமும் காற்றிற் கழியும் வெப்பமும் சமனாகும் வரை ஏறிக்கொண்டே போகும். சும்மா கிடக்கும்போது 400 பாகை செல்சியஸுக்கு அருகேயும் ஏறிவிடுதல் உண்டு. அவ்வளவு சூட்டில் முனை கருகி, ஈயம் அதில் ஒட்டாது முத்துமுத்தாய் உருண்டோடும். பின்னர் அதனை எடுத்து அகன்ற செப்புப் பரப்பொன்றின்மேல் வைத்தால், முனையிலுள்ள சிறிதளவு வெப்பத்தைச் செம்பு ஒரு நொடியில் உறிஞ்சிவிடும். இழந்ததை உடனே ஈடுசெய்ய 25 வாட்டுக்கு வலிமை போதாது. ஆகவே ஓய்ந்திருக்கையில் மிகைச்சூடும், உழைக்கையில் குறைச்சூடுமாக, ஒரே கருவி இருவகைத் துன்பமும் தருகின்றது. இதனோடு மல்லாடிய மாணவன் தன் கையையே நொந்துகொள்கின்றான்.

"எம் காலத்தில் அடுப்புக் கரியிற் காய்ச்சிய செப்புக்கோலைக் கொண்டே வேலை செய்தார்களே, அவர்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்ததோ?" என்று மூத்தோர் சிலர் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். ஆனால் அக்கோலின் தலையிலிருந்தது கால் கிலோவும் அரைக் கிலோவுமான செப்புக் கட்டி என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அக்கட்டி வெப்பத்தைச் சேமித்து வைத்திருக்கும் பண்டகசாலை. தகர வேலைக்காரர் அதனை ஒருமுறை காய்ச்சினால் ஒரு சாண் நீள இணைப்பை இடையறாது ஓட்டிவிடுவார். அது பழைய கருவி, மட்டமான கருவியன்று. மின்சாரத்தால் சூடேறும் அயர்னுக்கு ஜெர்மானியரான எர்னஸ்ட் சாக்ஸ் 1921ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற பின்னர்க் கருவி சிறுத்தது, கைக்கு இலகுவாயிற்று. ஆயின் சிறுத்த கருவி தன் வெப்பச் சேமிப்பை இழந்தது. இழந்த சேமிப்பிற்கு ஈடாக வந்ததே வெப்பக் கட்டுப்பாடு. சேமிப்பும் இல்லாது, கட்டுப்பாடும் இல்லாது நிற்பவை இம்மலிவான அயர்ன்களே.

கட்டுப்பாடு செய்யும் வழிகளுள் பௌதிக மாணவர்க்குச் சுவை தருவது ஒன்றைக் குறிப்பிடாது மேற்செல்ல மனம் வரவில்லை. வெல்லர் நிறுவனத்தாரின் மாக்னாஸ்டாட் என்னும் அயர்னில், முனையின் அடிப்புறத்தே சிறியதோர் காந்தத் தன்மையுள்ள துண்டு பொருத்தப்பட்டிருக்கும். குளிர்ந்திருக்கையில் அது உள்ளிருக்கும் காந்தத்தை ஈர்த்து மின்னோட்டத்தை மூடும். சூடு கியூரி வெப்பநிலையை எட்டியதும் துண்டு காந்தத் தன்மையை இழக்க, மின்னோட்டம் அறும். முனையின்மேல் 7 எனப் பொறித்திருந்தால் அது 700 பாகை பாரன்ஹீட்டிற்கு, அதாவது சுமார் 370 பாகை செல்சியஸுக்கு உரியது. வகுப்பிற் படித்த கியூரி வெப்பநிலை ஒரு கருவிக்குள் இருந்துகொண்டு வேலை பார்ப்பதைக் காண்பது எத்துணை இன்பம்! இக்காலத்துக் கருவிகளிலோ உணரி ஒன்று வெப்பத்தை அளக்க, சிறு கணிப்பொறி அதற்கேற்ப மின்சாரத்தை விடுகின்றது.

அத்தகைய நிலையங்கள் ரூ.2,000, ரூ.3,000 அளவிலேயே இன்று கிடைக்கின்றன. ஹாக்கோ போன்ற பெயர்பெற்ற ஜப்பானியக் கருவிகளுக்கு அதனினும் பன்மடங்கு கொடுக்கவேண்டும். பைன்சில் என்னும் சிறு அயர்ன், பேனாவைப்போற் கையில் அடங்குவது. மடிக்கணினிக்குரிய யூஎஸ்பி-சி மின்னூட்டியாலேயே இயங்குவது. விடுதி மாணவருக்கு மிக ஏற்றது. கைப்பிடியிலே திருகு வைத்து விற்கப்படும் அயர்ன்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அவற்றுட் சில உண்மையில் வெப்பத்தை அளப்பன, சிலவற்றில் அத்திருகு மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கும் திருகை யொத்தது, உணரியே கிடையாது. கடைக்காரரிடம் இவ்வொரு கேள்வியைக் கேளாது பணத்தை எடுக்கலாகாது. செருகி மூன்று முள் உடையதாயும், முனை புவி இணைப்புப் பெற்றதாயும் இருத்தல் வேண்டும். இரண்டு முள் அயர்னின் முனையிற் கசியும் மின்னழுத்தம் நுண்ணிய டிரான்சிஸ்டர்களைக் கொன்றுவிடக் கூடும்; கொன்றது யாரென்றும் தெரியாது.

இனி முனை. புதியவர்கள் ஊசிபோற் கூரிய முனையையே விரும்புகின்றனர். சிறிய வேலைக்குச் சிறிய முனை என்பது அவர் கணக்கு. வெப்பம் தொடும் பரப்பின் வழியே பாய்வதாகலின், ஊசிமுனை வெப்பத்தைக் கொண்டு சேர்ப்பதில் மிகவும் தளர்ந்தது. சுமார் 2.4 மில்லிமீட்டர் அகலமுள்ள உளிவடிவ முனை ஒன்று இருந்தால் மாணவர் செய்யும் வேலைகளிற் பெரும்பாலனவற்றை அதுவே முடித்துவிடும். அம்முனை உள்ளே செம்பாலானது. மேலே இரும்புப் பூச்சுடையது. வெள்ளீயம் செப்பைச் சிறிதுசிறிதாகக் கரைத்து உண்டுவிடும் ஆதலால் இரும்பு அதற்குக் கவசமாயிற்று. வெறுஞ் செப்பு முனைகளை அரத்தால் அராவிப் புதுப்பித்த பழக்கத்தை இதன்மேற் காட்டினால் கவசம் போம். சின்னாளில் முனை குழிந்து பயனற்றுவிடும். பித்தளைச் சுருளிலே துடைத்து, வேலை முடிந்ததும் புதிய ஈயம் சிறிது பூசி வைப்பதே அதற்குரிய பராமரிப்பு.

அயர்னினும் மிகுதியாக ஏமாற்றம் நிகழுமிடம் ஈயக்கம்பியே. நம் மொழியில் வெள்ளீயம், காரீயம் ஆகிய இரண்டும் ஈயம் என்ற ஒரே பெயராற் சுட்டப்படுகின்றன. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தாலாகியது; அதனை வெறுமையாய் அடுப்பில் ஏற்றினால் உருகிப்போம் என்பதை வீட்டிலுள்ள எந்தப் பாட்டியாரும் சொல்லுவர். வெள்ளீயம் உருகுவது 232 பாகையில். காரீயம் 327 பாகையில். இரண்டையும் 63க்கு 37 என்ற விழுக்காட்டிற் கலந்தால், வியப்பிற்குரியவாறு, இரண்டினும் தாழ்ந்த 183 பாகையிலேயே உருகுகின்றது. அன்றியும், இடையே குழம்பு நிலை ஏதுமின்றி ஒரே வெப்பநிலையிற் கட்டியாகிவிடுகின்றது. வெள்ளீயம் 40, காரீயம் 60 என மாற்றிக் கலந்த கம்பியோ முற்றும் உருக 238 பாகை வேண்டும். அதிலிருந்து 183 வரை ஆறுமளவும் கூழாய் நிற்கும். அக்கூழ் நிலையிற் கை சற்றே அசைந்தால் இணைப்பு உள்ளே வெடித்துவிடும், புறத்தே தெரியாது.

காரீயத்தைப் பார்க்கிலும் வெள்ளீயம் பன்மடங்கு விலை மிக்கது. ஆகவே விலை குறைந்த, விகிதம் அச்சிடாத சுருளிற் குறைந்திருப்பது எதுவென்று சொல்லவேண்டுவதில்லை. ஐயுற்றவர் ஆர்க்கிமிடீஸ் முறையைக் கையாளலாம். கம்பியிற் சிறிது எடுத்து உருக்கி, உள்ளிருக்கும் ரோசினைப் போக்கி, உருண்டையாக்கி நிறுத்துப் பார்க்கட்டும். 63/37 கலவையின் அடர்த்தி 8.4 அளவினது; 40/60 ஆயின் 9.3ஐ நெருங்கும். முதலாண்டு ஆய்வகத் தராசே இதற்குப் போதும். அவ்வாய்வகத்தில் தெரிந்த பித்தளைக் குண்டின் அடர்த்தியை மீண்டும் மீண்டும் அளப்பதினும் இது பயன் மிக்க பயிற்சி என்பது எமது கருத்து.

மாணவர் ஒருவர் வெப்பத்தைப் பதிவுசெய்யுங் கருவியொன்று அமைத்தார். அது சில வேளை இயங்கும், சில வேளை வாளாவிருக்கும். மூன்று வாரம் நிரலிலே பிழை தேடினார்; உணரியை மாற்றினார்; நண்பர்களை உசாவினார். முடிவில், மின்னழுத்தச் சீராக்கியின் புவிக்காலிலிருந்த இணைப்பு ஒன்றே குற்றவாளியென்று தெரிந்தது. விரலால் அழுத்தினால் இயங்கும், விட்டால் நிற்கும். பெயர் விகிதமற்ற கம்பியும் 25 வாட் அயர்னும் கூடிச் செய்த வேலை அது. அவ்விணைப்பை நல்ல கம்பியால் மீண்டும் பற்றவைக்க மூன்று நொடி ஆயிற்று. மூன்று வாரத்தையும் மூன்று நொடியையும் ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு, கம்பியிற் சேமித்த நூறு ரூபாயின் மதிப்பு விளங்கும்.

ஆகவே, 63/37 அல்லது 60/40 என அச்சிட்டு, ரோசின் உட்பொதிந்த கம்பியையே வாங்குக. பருமன் 22 எண் கம்பியளவாக, அதாவது 0.7 மில்லிமீட்டராக இருப்பின் பொதுவேலைக்குப் பொருந்தும். 18 எண் கம்பி தடித்தது. அதனைத் தொட்டவுடன் வேண்டியதினும் மிகுதியாய் ஈயம் விழுந்துவிடும். சிறு டப்பாக்களிற் பசையாக விற்கப்படும் பிளக்ஸ்களிற் சில துத்தநாகக் குளோரைடு கலந்தவை. தகரத்திற்கும் குழாய்க்கும் ஏற்றவை. சுற்றுப் பலகையில் அவற்றைத் தடவினால் எஞ்சிய அமிலம் மாதக்கணக்கிற் செப்பை அரித்துக்கொண்டே கிடக்கும். ரோசின் என்று தெளிவாக எழுதப்படாத டப்பாவை மேசைக்கே கொணரவேண்டா.

காரீயத்தின் தீங்கை யாம் மறைப்பதற்கில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தார் விற்பனைக்குரிய பெரும்பாலான மின்னணுக் கருவிகளிற் காரீயத்தை 2006ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து விலக்கினர். நம் நாட்டின் மின்கழிவு விதிகளும் அதற்கு 0.1 விழுக்காடு என வரம்பு கட்டியுள்ளன. காரீயமற்ற கம்பியில் வெள்ளீயத்தோடு 3 விழுக்காடு வெள்ளியும் 0.5 விழுக்காடு செம்பும் சேர்ந்த கலவை பெயர்பெற்றது. அது 217 பாகையிலே உருகத் தொடங்கும். அயர்னை 350 முதல் 380 பாகை வரை வைக்க வேண்டும். 63/37க்கு 320 முதல் 350 போதும். காரீயமற்ற இணைப்பு நன்கமைந்தாலும் மங்கலாகவே தோன்றும். ஆகவே பளபளப்பைக் கொண்டு நன்மை தீமை அறியும் எளிய வழி புதியவருக்கு அடைபட்டுப்போகும். இக்காரணத்தால், கல்லூரி ஆய்வகத்திற் கண்காணிப்போடு பயில்வோர் 63/37இற் கைபழகுவதே நன்றென்போம். வீட்டிற் சிறு குழந்தைகள் உள்ளவர் காரீயமற்றதையே கொள்க. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுப்பது.

இவ்விடத்தில் ஒரு தவறான அச்சத்தையும் ஒரு தவறான துணிவையும் சுட்டவேண்டும். அயர்னிலிருந்து எழும் புகை காரீய ஆவியென்று பலர் அஞ்சுகின்றனர். காரீயம் கொதிப்பதற்கு 1,700 பாகைக்கு மேல் வேண்டும். 350 பாகையில் எழும் ஆவி கருதத்தக்கதன்று. அப்புகை ரோசினுடையது. ஆயினும் அது தீங்கற்றதென்று எண்ணற்க. நெடுநாள் அதனைச் சுவாசித்த தொழிலாளர்க்கு ஆஸ்துமா உண்டாதல் மருத்துவர் அறிந்த செய்தி. குனிந்து முகத்தைப் புகைக்கு நேரே வைத்திருக்கும் மாணவர், பழைய கணினியின் சிறு விசிறியொன்றைப் புகையை அப்பால் இழுக்குமாறு பக்கத்தில் நிறுத்திச் சன்னலையும் திறந்துவைத்தால் பெரும்பகுதி ஒழியும். காரீயம் உடலுட் புகும் வழி கையும் வாயுமே. விடுதி அறையிற் படிக்கும் மேசைமேலேயே பற்றவைத்து, அதே விரல்களால் ஊரிலிருந்து வந்த முறுக்கை எடுத்து உண்ணும் காட்சியை யாம் ஒருமுறைக்குமேற் கண்டிருக்கின்றோம். அச்சம் இருக்கவேண்டிய இடம் அது.

பிற சாமான்கள் பற்றி நீளச் சொல்ல வேண்டுவதில்லை. கம்பி நறுக்கும் சிறு குறடு, இடுக்கி, தவறாக இட்ட ஈயத்தை உறிஞ்சும் செப்புப் பின்னல், உருப்பெருக்கும் கண்ணாடி ஆகிய நான்கும் போதும். அறுபது உறுப்புக்கள் அடங்கிய பெட்டி என்று விளம்பரம் செய்யப்படுபவற்றுள் ஐம்பது, பெட்டியை நிறைப்பதற்கே பிறந்தவை.

ஏழை மாணவர் இவ்வளவுக்கும் பணத்திற்கு எங்கே போவார் என்னும் கேள்வி எஞ்சி நிற்கின்றது. அவரவர் தனித்தனியே வாங்கவேண்டும் என்பது எமது கட்சியன்று. ஆய்வகப் பட்டியலிற் கட்டுப்பாடற்ற அயர்ன்கள் இருபது வாங்கும் தொகைக்கு, கட்டுப்பாடுள்ள நிலையங்கள் இரண்டு வாங்கலாம். இருபதின்மேற் குனிந்து இருபதுபேர் மனம் கசப்பதினும், இரண்டின்முன் முறைவைத்துப் பத்துப்பேர் வேலை முடித்து எழுவது மேல். ஆசிரியப் பெருமக்கள் வரும் ஆண்டுப் பட்டியலைத் தயாரிக்கும்போது இதனை நினைவு கூர்வார்களாக. மின்னணுத் தொழிற்சாலைகளிற் பணிபுரியும் நம் பழைய மாணவர்கள், ஆண்டு விழாவிற்குக் கேடயமும் கோப்பையும் அனுப்பும் அன்போடே, ஒரு கிலோ நல்ல கம்பிச் சுருளும் நான்கு உளிமுனைகளும் அனுப்புவார்களாயின், ஓராண்டுக்கு ஆய்வகம் அதனால் நடக்கும். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி நேரம் அதனைத் திறந்துவைத்து, பெயர் எழுதும் ஏடு ஒன்றும், சன்னலருகே விசிறி ஒன்றும், நீர்த் தொட்டியருகே சோப்புக் கட்டி ஒன்றும் வைத்துவிட்டால், விடுதி மேசைகளின் மேலுள்ள அயர்ன்கள் பெரும்பாலும் தாமே இறங்கி அங்கு வந்துசேரும்.